சங்கிலி விழவில்லை

பாராளுமன்றத் தேர்தலுக்குத் தேதி அறிவித்த வாரத்தில், ஒட்டாங்குளம் நாலுமுக்கில், சந்தை கலைந்துகொண்டிருந்த பகல் நேரத்தில், சங்கிலியை வெட்டினார்கள். சங்கிலி செத்துப்போனான். ஆனால் விழவில்லை.

வெட்டியவர்களில் கொம்பையா என்பவன்தான் தொழில் தெரிந்தவன். வெட்டுப்பட்ட ஆள் விழுவதைப் பார்த்த பிறகுதான் ஓட வேண்டும் என்று அவன் பழகியிருந்தான். ஆகவே மற்றவர்கள் பைக்கைக் கிளப்பி உறுமவிட்டுக்கொண்டிருக்க, அவன் மட்டும் அரிவாளைத் தொங்கவிட்டபடி எதிரில் காத்து நின்றான். சங்கிலியின் கழுத்திலிருந்து இரத்தம் இறங்கி, வெள்ளைச் சட்டையை நனைத்து, வேட்டியை நனைத்து, வெறுங்காலில் வழிந்து, வெயிலில் இளகிக் கிடந்த தார் ரோட்டில் பரவியது, மூச்சு நின்றது, கண் நிலைகுத்தியது, கடைசியில் இரத்தமும் நின்றது, அவன் மட்டும் வலது கையில் மைக்கைப் பிடித்தபடி, ஏதோ ஒரு சொல்லின் நடுவில் வாயைத் திறந்தபடி, நின்ற இடத்திலேயே நின்றான். கொம்பையாவுக்கு அலுத்துப்போயிற்று. "என்னமும் செய்யி" என்று அவனிடமே சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிப் போனான்.

சங்கிலி நங்கூரக் கட்சியின் மைக்குக்காரன். கட்சியில் அவனுக்குப் பதவி கிடையாது, குரல் உண்டு. ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு அவன் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். மாற்றுக் கட்சிக்காரர்கள்கூட முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார்கள். அந்த வாரம் அவன், மரக்கால் கட்சியின் ஒன்றியச் செயலாளர் பொன்னுலிங்கத்தின் வீட்டு வாசலிலேயே ஆட்டோவை நிறுத்தி, "ஊருக்கு அளந்து போடுவேன் என்று மரக்காலைத் தூக்கி வந்தார், கடைசியில் மரக்காலையே விற்றுத் தின்றார்" என்று மைக்கில் சொன்னான். அந்த வரி அவனுடையதுகூட இல்லை. அவன் கட்சிச் செயலாளர் நல்லபெருமாள் சொல்லிக்கொடுத்தது. தெரு சிரித்தது. பொன்னுலிங்கத்தின் மனைவியும் உள்ளே திரும்பிக்கொண்டு சிரித்தாள். வெட்டு அந்தச் சிரிப்புக்கு விழுந்தது.

சங்கிலியின் மனைவி ஆவுடையம்மாள் பீடி சுற்றுகிறவள். சேதி சொன்னபோது மடியில் தட்டோடு எழுந்து ஓடியதால், இலையும் தூளும் தெரு நெடுகச் சிந்திக்கொண்டே போயின. புருஷன் நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பொய் சொன்னவனைத் திட்டிக்கொண்டே, பாதிச் சிரிப்போடுதான் கிட்டே போனாள். "என்ன அத்தான், மனுசியக் கொல்லப் பாக்கியளா?" என்று அவன் கையைப் பிடித்தாள். கை அந்த வெயிலிலும் குளிர்ந்திருந்தது. அப்புறம்தான் கழுத்தைப் பார்த்தாள்.

போலீஸ் வந்தது. கான்ஸ்டபிள்கள் தள்ளிப் பார்த்தார்கள், கட்டிப்பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், கயிறு போட்டு ஜீப்பில் கட்டிப் பார்த்தார்கள், கயிறு அறுந்தது. மரம் தூக்குகிற கிரேனைக் கொண்டுவந்தார்கள். கிரேனின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது, சங்கிலி எழும்பவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"செத்தவன் படுத்துருக்கணும்லா சார்? நின்னா நான் எப்படிய்யா பிரேத விசாரணை பண்ண?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"செத்தாச்சு, அதுல சந்தேகம் இல்ல. நிக்கது என் டிபார்ட்மெண்டு இல்ல. அது சட்டம் ஒழுங்கு" என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் நாலுமுக்கில் போக்குவரத்தைச் சங்கிலிக்கு இடமும் வலமுமாகப் பிரித்துவிட்டு, ஒரு கான்ஸ்டபிளைக் காவலுக்குப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் மதியத்துக்குள் டிரைவர்கள் பழகிவிட்டார்கள்.

சங்கிலி அழுகவில்லை, நாறவில்லை, காக்கை அவன் மேல் உட்காரவில்லை. தாடி மட்டும் வளர்ந்தது. ஊர் முதலில் தூர நின்று பார்த்தது, பிறகு கிட்டே வந்து பார்த்தது, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு அவனை வைத்துக்கொண்டு வாழ ஆரம்பித்தது. டவுன் பஸ் கண்டக்டர்கள் நாலுமுக்கு என்று சொல்வதை மறந்து "சங்கிலி இறங்கு, சங்கிலி இறங்கு" என்று கூவினார்கள். உச்சி சாய்ந்ததும் அவன் நிழல் கிழக்கே நீளும்போது கீரைக்காரிகள் அந்த நிழலில் வரிசையாக உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்கள், இடத்துக்குச் சண்டை போட்டார்கள், ஒரு கீரைக்காரி இன்னொருத்தியைக் கடித்தும் வைத்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்காக ஒருத்தி அவன் இடது கை விரலில் மஞ்சள் துணியைக் கட்டினாள், அது கூடிவந்தது, அதற்குப் பிறகு விரல்கள் போதவில்லை. வெட்டிய கொம்பையா முதலில் சில நாள் சுற்றுவழியில் போனான். அவனுக்குப் பதிலாக வேறு இரண்டு பேர் கோர்ட்டில் சரணடைந்திருந்தார்கள். பெட்ரோல் விரயமாகிறது என்று தோன்றியதும் அவனும் நாலுமுக்கு வழியாகவே போகத் தொடங்கினான்.

நல்லபெருமாள் பந்தல் போட்டார். டியூப்லைட் கட்டினார். சங்கிலியின் கழுத்து வெட்டு தெரிகிற மாதிரி மாலையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போடச் சொன்னார். காலடியில் "மரக்கால் கட்சிக் கொலைகாரர்களால் வெட்டப்பட்டும் வீழாத தியாகி" என்று பலகை வைத்தார். வேட்பாளர் சென்னையிலிருந்து வருகிற அன்று நாவிதரை வரவழைத்து, "பாத்து, வெட்டுல பட்டுராம வழி" என்று பக்கத்தில் நின்று தாடியை மழிக்க வைத்தார். வேட்பாளர் சங்கிலியின் காலில் விழுந்து எழுந்தார். சுற்றுவட்டாரத்திலிருந்து லாரி லாரியாக வந்து விழுந்து எழுந்தார்கள்.

ஆவுடையம்மாளுக்கு மட்டும் பழகவில்லை. அவள் தினமும் மதியச் சோற்றை வடித்துவிட்டு நாலுமுக்குக்கு வருவாள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அவன் முகத்துக்கு நேராக நின்று, குரலைத் தணித்துக் கெஞ்சுவாள். "அத்தான், போதும், விழுந்துருங்க. எல்லாரும் நிக்கச் சொன்ன எடத்துல எல்லாம் நின்னீய. வெயில்ல நின்னீய, மழையில நின்னீய, கட்சிக்காரவுக வீட்டு வாசல்ல சாப்பாட்டுக்கு நின்னீய. இப்ப நான் சொல்லுதேன், எனக்காவ ஒரு தடவ விழுங்க." அவன் அவள் தலைக்கு மேலே பார்த்தபடி நிற்பான். கெஞ்சல் ஒரு நாள் வசவாக மாறும்; அவனை அடிப்பாள், மார்பில் குத்துவாள்; காவலுக்கு நிற்கிற கான்ஸ்டபிள் வந்து, "யக்கா, தொந்தரவு பண்ணக்கூடாது, மேலிடத்து உத்தரவு" என்று அவளை விலக்கிவிடுவான்.

எரிக்காத புருஷனுக்கு எப்படித் தாலி அறுப்பது என்று அவள் தெருவில் பேச்சு எழுந்தது. ஒரு வீட்டில் வளைகாப்புக்கு அவளைக் கூப்பிட்டு முதல் வளையலைப் போடச் சொன்னார்கள், செத்தும் நிற்கிறவன் பொண்டாட்டி யோகக்காரி என்று. அதே வாரம் இன்னொரு வீட்டில் அவள் எதிரே வந்துவிட்டாள் என்பதற்காகப் பெண் அழைத்துப் போனவர்கள் திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார்கள். அவள் நல்லபெருமாளிடம் போய், "அண்ணாச்சி, எனக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டாள்.

"நீ சுமங்கலிதாம்மா. நிக்கிறவன் எப்படிச் செத்தவன் ஆவான்?" என்றார் அவர்.

"அப்போ மேடையில தியாகின்னு சொல்லுதீயளே?"

"அது அரசியல். நீ அதுல தலையிடாத. நல்ல சேலையா கட்டிட்டு மேடைக்கு மட்டும் வா."

ஒருமுறை தேர்தல் பறக்கும் படை ஜீப்பில் வந்து இறங்கியது. தேர்தல் முடியும்வரை தலைவர்களின் சிலைகளை மூடி வைக்க வேண்டும் என்பது விதி. நாலுமுக்கில் மாலையோடு ஒரு உருவம் நிற்பதாகப் புகார் போயிருந்தது. அதிகாரி சங்கிலியைச் சுற்றிவந்து பார்த்தார், பலகையைப் படித்தார், கோடித்துணி வாங்கிவரச் சொல்லி, தலையிலிருந்து கால்வரை சுற்றிச் சணல் கயிற்றால் கட்ட வைத்தார். ஆவுடையம்மாள் அப்போது வந்தாள். வெள்ளைத் துணியில் முகமும் மூடிய புருஷனைப் பார்த்ததும் அவளுக்கு வேண்டியது நடந்துவிட்டது போலிருந்தது. தலைமுடியை அவிழ்த்துவிட்டு அவனைச் சுற்றி வந்தாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கீரைக்காரிகள் எழுந்து வந்து தோளில் கைபோட்டு வட்டமாக நின்று அவளோடு ஒப்பாரி வைத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், செத்த வீட்டுக்காரி மாதிரி குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். மறுநாள் நல்லபெருமாள் வக்கீலை அனுப்பி, இறந்தவர் சிலை ஆக மாட்டார் என்று வாதாடித் துணியை அவிழ்த்துவிட்டார். அவள் வந்து பார்த்தபோது சங்கிலி பழையபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

இந்தப் பக்கம் பொன்னுலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டம் போட்டால் ஆள் வரவில்லை. வந்தவர்களும் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாலுமுக்குப் பக்கம் நழுவினார்கள். அவர் தன் அரிசி ஆலையில் கொம்பையாவையும் கட்சிக்காரர்களையும் கூட்டி வைத்துச் சொன்னார்:

"அவனுவ ஆளு செத்தும் நிக்கான். நம்மாளுக உசிரோட இருந்தும் நிக்க மாட்டேங்கானுவ. நமக்கும் ஒருத்தன் நிக்கணும்."

"அவனுவள்ல இன்னொருத்தனப் போட்டுருவமா அண்ணாச்சி?" என்று ஒருவன் கேட்டான்.

"கூறுகெட்டவனே, அவன் ஆளப் போட்டா அவனுக்குத்தான்ல நிப்பான்? ரெண்டு பேராப் போயிரும்."

எல்லோரும் ஒரே ஆளை நினைத்தார்கள் என்பது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்ததிலிருந்தே தெரிந்தது. கொம்பையாதான் பெயரைச் சொன்னான். "தளவாய்."

தளவாய் சந்தையில் மூட்டை இறக்குகிறவன். பொண்டாட்டி பிள்ளை இல்லை, கேட்பதற்கு நாதி இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து மரக்கால் கட்சி. முன்னங்கையில் மரக்காலைப் பச்சை குத்தியிருந்தான். சுவரொட்டி ஒட்டுவது, கொடி கட்டுவது, மேடையில் நாற்காலி போடுவது எல்லாம் அவன்தான். அந்த நாற்காலி எதிலும் அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. பொன்னுலிங்கம் அவனைக் கூப்பிட்டு, வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் கொடுத்து, வெள்ளிக்கிழமை நாலுமுக்கில் சங்கிலிக்கு எதிர்ப்பக்கம் நடக்கிற கூட்டத்தில் முதல் ஆளாக அவன்தான் பேச வேண்டும் என்றார்.

"எனக்குப் பேச வராதே அண்ணாச்சி."

"வாழ்கன்னு சொல்லு. போதும். நேரா நின்னு சொல்லு, கோணாம."

ஆலைக்குள் பேசிய பேச்சு ஆலையை விட்டு வெளியே வந்து, சந்தைக்குப் போய், ஊருக்குள் போய், நங்கூரக் கட்சிக்காரர்கள் வீடுவரை போய்விட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயிற்று. தளவாயின் காதுக்கு மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவன் முடி வெட்டிக்கொள்ளப் போனான். நாவிதர் காசு வாங்கவில்லை. டீக்கடையில் வடையும் டீயும் கொடுத்துவிட்டு, "இருக்கட்டும் தளவாய்" என்றார்கள். எப்போதும் அவனை வா போ என்று கூப்பிடுகிற மண்டிக்காரர் எழுந்து நின்று, "வாங்க" என்றார். மாடியுள்ள வீட்டுக்காரர்கள் நாலுமுக்கைப் பார்த்த பக்கம் நாற்காலி போட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். தனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று தளவாய் நினைத்தான். அப்படி நினைக்க அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

சொல்லப் போனவள் ஆவுடையம்மாள் ஒருத்திதான். அவன் சந்தைக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"தளவாயி, இன்னைக்கு நீ நாலுமுக்குப் பக்கம் வராத."

"ஏன் மைனி?" அவனும் சங்கிலியும் சின்னப் பிள்ளையில் ஒன்றாகக் குளத்தில் குதித்தவர்கள், கட்சி பிரிந்த பிறகும் அவளை அவன் அண்ணி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடுவான்.

"உன்ன வெட்டப் போறானுவ."

"ஆரு, உங்காளுவளா?"

"உங்காளுவதாம்ல. நீயும் அவர மாதிரி நிப்பியான்னு பாக்கப் போறானுவ."

தளவாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். கோபம் வந்தது கொஞ்சம் கழித்துத்தான். "உனக்கு இதுதான மைனி வேணும்? உன் புருஷன் ஊரே கும்பிட நிக்கான். நான் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு மைக்க பிடிச்சுட்டுப் போறேன். அது பொறுக்கலையா உங்க கட்சிக்கு? உன்ன நல்லபெருமாளு அனுப்புனாரா?"

"ஆரும் அனுப்பல. எம்மேல சத்தியமாச் சொல்லுதேன். பஸ் ஏறி எங்கயாவது போயிரு. இந்தா, பஸ்ஸுக்கு வச்சுக்க." அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.

அவள் நீட்டிய கையை அவன் பார்க்கவில்லை. புதுச் சட்டையின் காலரை இழுத்து நேராக்கிக்கொண்டு, "எப்படி இருக்கு மைனி, கோணலா இருக்கா?" என்று கேட்டான். "நல்லாருக்கு" என்றாள்.

கூட்டம் நிறைந்திருந்தது. சங்கிலிக்கு எதிர்ப்பக்கம், அவனுக்கு நேர் எதிராக, தளவாய் மைக்கோடு நின்றான். "மரக்கால்" என்று ஆரம்பித்தான். வாழ்க என்று அவன் சொல்லவில்லை. கொம்பையா கூட்டத்துக்குள்ளிருந்து வந்து, சங்கிலிக்குப் போட்ட அதே இடத்தில், அதே மாதிரி போட்டான். போட்டுவிட்டு, போன தடவைபோல, எதிரில் நின்றான்.

இந்தத் தடவை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தளவாய் முழங்காலில் சரிந்து, கையை ஊன்றப் பார்த்து, ஊன்ற முடியாமல் பக்கவாட்டில் விழுந்தான். மாடிகளிலிருந்து பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. பொன்னுலிங்கம், "தூக்குங்கல, தூக்கி நிறுத்துங்க" என்று கத்தினார். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து நிறுத்தினார்கள். அவனுக்கு இன்னும் உயிர் இருந்தது, தன்னைக் காப்பாற்றுகிறார்கள் என்று நினைத்து அவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். கையை எடுத்தபோது மறுபடி விழுந்தான். இன்னொரு முறை நிறுத்தினார்கள். அப்போது உயிர் போய்விட்டிருந்தது. விட்டதும் விழுந்தான்.

"விசுவாசம் பத்தலை" என்றார் பொன்னுலிங்கம். ஊரும் அதைத்தான் சொன்னது. "பச்சை குத்தினா மட்டும் போதுமா? உள்ளுக்குள்ள இருக்கணும்" என்று பேசிக்கொண்டே மாடிகளிலிருந்து இறங்கினார்கள். நாவிதர் தான் வாங்காமல் விட்ட காசை நினைத்து வருத்தப்பட்டார். நங்கூரக் கட்சிக்காரர்கள் சங்கிலிக்கு அன்று இரட்டை மாலை போட்டார்கள்.

விழுந்தவனை யாரும் எடுக்க வரவில்லை. கட்சி, அவன் தங்கள் உறுப்பினரே இல்லை என்று அறிக்கை விட்டது. ஆஸ்பத்திரிப் பிணவறையில், யாருமில்லை என்றால் நகராட்சி எரித்துவிடும் என்றார்கள். ஆவுடையம்மாள் போய் நின்றாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"மைனி வேணும்" என்றாள்.

அவள் அவனைக் குளிப்பாட்டினாள். கோடி போட்டாள். வாய்க்கரிசி போட்டாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. அவள் வண்டிக்குப் பின்னாலேயே போனாள், தடுக்க அங்கே ஆளும் இல்லை. வெட்டியான் கொள்ளியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தான். அவள் வைத்தாள். தீ நன்றாகப் பிடித்து, பச்சை குத்திய கை ஒருமுறை விறைத்து எழுந்து அடங்கியபோது, அவள் கழுத்திலிருந்த தாலியைக் கழற்றி அந்தத் தீக்குள் போட்டாள். யாருக்காகப் போட்டாள் என்று வெட்டியான் கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும் சேத்து வச்சுக்க" என்றாள்.

நல்லபெருமாள் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். "என்ன காரியம் பண்ணிட்டு வந்துருக்க? எதிர்க்கட்சிக்காரனுக்குக் கொள்ளி வைக்கிற? கழுத்து மொட்டையா நிக்கிற? போஸ்டர்ல உன்னத் தாலியோடலா போட்டுருக்கோம்!" அவர் தன் டிரைவரை அனுப்பி மஞ்சள் கயிறு ஒன்று வாங்கிவரச் சொல்லி, தேர்தல்வரை கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதில் முருங்கைக்கீரைக் கட்டைக் கட்டி வைத்தாள்.

தளவாய் விழுந்த சேதி ஒருவரையும் நிறுத்தவில்லை. ஒட்டாங்குளத்து ஆள் விசுவாசமில்லாதவன், நம் ஊரில் அப்படியில்லை என்று ஒவ்வொரு ஊரும் நினைத்தது. மேற்கே மலையடிவாரத்து ஊர்களிலும், கிழக்கே உப்பள ஊர்களிலும், நங்கூரமும் மரக்காலும் அவர்கள் தயவில் நின்ற சின்னக் கட்சிகளும், தங்கள் தங்கள் முக்கில், தங்கள் தங்கள் ஆளை, புதுச் சட்டை போட்டு நிறுத்தி வெட்டிப் பார்த்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் விழுந்தார்கள், தோரணம் கட்டுகிறவர்கள் விழுந்தார்கள், கோஷம் போடுகிறவர்கள் கோஷத்தோடு விழுந்தார்கள். யாரும் நிற்கவில்லை. நின்றது சங்கிலி ஒருவன்தான். ஏன் அவன் மட்டும் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்து யார் என்றுதான் கேட்டார்கள்.

ஓட்டுப்பதிவு நடந்தது. நங்கூரக் கட்சி அந்தத் தொகுதியில் இதுவரை இல்லாத வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆனால் டெல்லியில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சில நாள் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரு மத்தியானம், நங்கூரக் கட்சித் தலைவரும் மரக்கால் கட்சித் தலைவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டதைக் காட்டினார்கள். அன்று மாலையே நல்லபெருமாளும் பொன்னுலிங்கமும் ஒரே காரில் நாலுமுக்கைக் கடந்தார்கள். பொன்னுலிங்கம் கண்ணாடியை இறக்கிப் பலகையைப் படித்துவிட்டு, "இது என்ன அண்ணாச்சி, உறுத்தலா இருக்கு" என்றார்.

முதலில் பலகையை மாற்றினார்கள். "விபத்தில் மறைந்த" என்று எழுதினார்கள். கழுத்து வெட்டு தெரியாமலிருக்க மாலையை மேலே ஏற்றிப் போட்டார்கள். அப்போதும் அவன் நின்றான். ஜெயித்துப் புது மந்திரியாகிவிட்ட வேட்பாளர் அந்த வழியாக நன்றி சொல்ல வருவதாகச் செய்தி வந்தது. இரண்டு கட்சிக் கொடியும் கட்டிய ஜீப் அவனைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும், பத்திரிகைக்காரன் படம் எடுப்பான். கல் குவாரியிலிருந்து கிரானைட் அறுக்கிற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் தயங்கியபோது கொம்பையா வாங்கிப் பிடித்தான்.

கணுக்காலுக்கு மேலே அறுத்தார்கள். வெட்டிய அன்று நின்றுபோன இரத்தம் மறுபடி புதிதாக வந்தது. தண்ணீர் லாரி வைத்துக் கழுவிக்கொண்டே அறுத்தார்கள். கீரைக்காரிகள் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். இரண்டாவது காலும் அறுந்ததும், சங்கிலி விழுந்தான். மைக் உருண்டு சாக்கடைக்குள் போயிற்று. உடம்பை ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றி ஆவுடையம்மாள் வீட்டு வாசலில் இறக்கினார்கள். பாதங்கள் பெயரவில்லை. பெயர்க்க நேரமும் இல்லை. அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டி ரோடு ரோலரை ஓட்டினார்கள்.

அவள் உடம்பை எரித்தாள். அழவில்லை என்று தெருவில் குறையாகப் பேசினார்கள். மறுநாள் சாம்பல் அள்ளப் போனபோது வெட்டியான், "காலு இல்லாம எரிச்சா கணக்கு முடியாது தாயி" என்று மெல்லச் சொன்னான். அவள் திரும்பி வந்து, பக்கத்து வீட்டில் கடப்பாரை இரவல் வாங்கிக்கொண்டு நாலுமுக்குக்குப் போனாள்.

நல்ல வெயில். புதுத் தார் இளகி ஒட்டியது. அவள் தோண்டினாள். பஸ்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. அந்த ஊருக்கு அந்த இடத்தில் சுற்றிப் போவது பழக்கமான காரியம். கான்ஸ்டபிள் வந்தான்.

"யக்கா, ரோட்டத் தோண்டப் பெர்மிசன் இருக்கா?"

"அவரு காலு, தம்பி."

அவன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "மந்திரி வாரதுக்குள்ள முடிச்சுருங்க" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போனான்.

உள்ளங்கை பிய்ந்து கடப்பாரை வழுக்கியது. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு தோண்டினாள். ஜல்லிக்குக் கீழே, பழைய தாருக்குள், முதலில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அதற்குப் பிறகு கடப்பாரையைப் போட்டுவிட்டு விரலாலேயே தோண்டினாள். கிரேனுக்கு அசையாத பாதங்கள் அவள் இழுத்ததும் வந்துவிட்டன. தாரும் மண்ணுமாக இருந்தன. முந்தானையால் விரலிடுக்குகளைத் துடைத்து, கொண்டுவந்திருந்த கட்டைப்பையில் இரண்டையும் வைத்து, பை பாரமாக இருந்ததால் இரண்டு கையாலும் அடியில் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு சுடுகாட்டுப் பக்கம் நடந்தாள்.

பஜார் திரும்புகிற இடத்தில் நன்றி அறிவிப்பு ஊர்வலம் எதிரே வந்துவிட்டது. வெடி போட்டார்கள். தாரை தப்பட்டை முழங்கியது. திறந்த ஜீப்பில் மந்திரியும், அவருக்கு ஒரு பக்கம் நல்லபெருமாளும் மறுபக்கம் பொன்னுலிங்கமும் நின்று கும்பிட்டுக்கொண்டே வந்தார்கள். ஊர்வலம் போகும்வரை யாரும் ரோட்டைக் கடக்கக்கூடாது என்று போலீஸ்காரர்கள் கயிறு பிடித்து நின்றார்கள். அவளும் கயிற்றுக்கு இந்தப் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். நல்லபெருமாளின் கண் அவள் மேல் பட்டது. மற்றவர்களைக் கும்பிட்ட மாதிரியே அவளையும் கும்பிட்டார். ஜீப் நகர்ந்துவிட்டது.

பின்னால் மகளிர் அணிப் பெண்கள் தாம்பாளங்களில் லட்டு கொடுத்துக்கொண்டு வந்தார்கள். வெளியூர்ப் பெண்கள். ஒருத்தி ஆவுடையம்மாளிடம் வந்து லட்டை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"என்னக்கா, ரெண்டு கையும் பையிலயா? பரவால்ல, வாயத் தொறங்க" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவள் தாடையைப் பிடித்து லட்டை வாயில் ஊட்டிவிட்டு, "இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் நல்ல நாளு" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

நெய் லட்டு. முந்திரி போட்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. துப்பினால் மார்போடு அணைத்திருந்த பை மேல்தான் விழும் என்பதால் துப்பவும் முடியவில்லை. மென்றாள், இனிப்பு தொண்டையில் இறங்கியது, பசித்த வயிறு அதை வாங்கிக்கொண்டது. போலீஸ்காரர் கயிற்றை விட்டதும், வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவள் ரோட்டைக் கடந்தாள்.